அந்தோனியாருக்கும் மடுமாதாவுக்கும் இடையிலை

குருநகர்
12.06.2025

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

மாதாவின்ரை துணையோடை அத்தான் லெனாட் எழுதிறன். கடிதம் எண்டு எழுதி முப்பது வருசமாச்சு. வள்ளத்து எஞ்சின் பூட்டிக் கழட்டின கை, எழுத்துக் கோணலாத்தான் வரும். பொறுத்துக்கொள்ளும்.

உம்மடை வீட்டு மேசையிலை நீர் வைச்சிட்டுப்போன துண்டைக் கண்டனாங்கள். "தெல்லிப்பழையிலை என்ரை சிநேகிதி ஞானாம்பிகை ரீச்சர் வீட்டிலை நிக்கிறன். தேடி வரவேண்டாம். போனிலை ஒண்டும் அனுப்பவேண்டாம், அது உங்கடை ரீவியிலை வந்தாலும் வரும். எழுதிறதெண்டால் கடதாசியிலை எழுதுங்கோ." உம்மடை அக்கா அதை வாசிச்சுப்போட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. நாலு நாளா என்னோடை கதையில்லை. சோத்தை மேசையிலை வைச்சுப்போட்டு அங்காலை போறா.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததுக்கு நான் என்னத்தைச் சொல்ல? பேரன் ஷெரோன் முதல் நன்மை வாங்கின நாள். கோயிலாலை வந்து வீடு முட்டச் சனம். எல்லாரும் றோல்ஸும் கட்லெட்டுமா இருக்க, என்ரை மகள் ஜெயனி ரீவியிலை புனிதர்களின்ரை படங்களை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா ஓடவிட்டிருந்தவள். அந்தோனியார் வந்தார். அடுத்தது மடுமாதா வரவேணும். வந்தது உம்மடை படம். அதைப் பற்றி நான் எழுதேல்லை. றிமோட்டைத் தேடிக் காணாமல் நான் பிளக்கைப் பிடுங்கிறதுக்கிடையிலை எல்லாம் முடிஞ்சுது. உம்மடை மகள் றொசாந்தியைக் கட்டப்போற பெடியன் ஜெரோசன்ரை தாய் முன் கதிரையிலை இருந்தவ.

நான் வேணுமெண்டு செய்யேல்லை. போன வருசம் என்ரை போன் கடலுக்கை விழுந்து பேரன்ரை படமெல்லாம் துலைஞ்சாப் பிறகுதான் உந்தக் கிளவுட்டுக்கு வெளிக்கிட்டனான். படங்களை இன்ரநெற்றிலை ஒரு கொம்பனிக்காரனிட்டைப் பத்திரமா வைக்கிறதுதானே அது. ரெண்டு கிழமை குந்தியிருந்து விலை பார்த்தனான். ஒருத்தன் ஒருக்காக் கட்டினால் சாகும்வரைக்கும் எண்டான். ஆர் சாகும்வரைக்கும், நானோ நீயோ எண்டு கேட்டு விட்டிட்டன். இன்னொருத்தன் மலிவு, ஆனால் படத்தைச் சுருக்கிப்போடுவான். கடைசியா எடுத்தது நல்ல கொம்பனி, நல்ல விலை. எங்கடை, ஜெயனியின்ரை, உம்மடை எண்டு மூண்டு வீட்டுக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேட். எல்லாரும் சேர்ந்து அள்ளுற பங்குக் கிணறு மாதிரி எண்டு நான் சொல்ல நீரும் சிரிச்சனீர். றொசாந்தி மட்டும் "எனக்கு வேண்டாம் பெரியப்பா" எண்டு கொழும்பிலை தனியா வைச்சிருக்கிறாள். அவள் கெட்டிக்காரி.

உமக்கு இப்பிடியொரு வருத்தமெண்டு எங்களுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?

ஓகஸ்ட் இருபத்திமூண்டு கலியாணம். உம்மடை மனுசன் றஞ்சித் உயிரோடை இருந்தால் அவன் மகளைக் கையிலை பிடிச்சுப் பீடத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவான். தேப்பன் இல்லாத இடத்திலை நீங்கள் நடவுங்கோ அத்தான் எண்டு நீர்தான் கேட்டனீர். அதுக்காகவாவது திரும்பி வாரும்.

அத்தான்
லெனாட்


தெல்லிப்பழை
17.06.2025

அத்தான்,

கடிதம் கிடைச்சுது. பாதிக்குப் பாதி கொம்பனியளின்ரை விலை. மிச்சம் "வேணுமெண்டு செய்யேல்லை". வேணுமெண்டு செய்தனீங்கள் எண்டு இப்ப ஆர் சொன்னது?

ஒரு சொல் சொல்லியிருக்கலாமே எண்டு கேக்கிறியள். சொல்லுறன், கேளுங்கோ. சித்திரை லீவுக்கை எனக்கு இடப்பக்க மார்பை எடுத்தவை. கான்சர். ஞானாம்பிகை ரீச்சருக்குச் சுகமில்லை, நிண்டு பாக்கப்போறன் எண்டு உங்களுக்குச் சொன்னனே, அந்தப் பன்ரண்டு நாளும் படுத்துக்கிடந்தது நான். பார்த்தது அவள். அக்கா பாவம், அவளின்ரை சுகத்துக்கெண்டு யாகப்பர் கோயிலிலை பூசை வேறை ஒப்புக்குடுத்தவ. அதை ஞானாம்பிகைக்குச் சொன்னன். "நான் சைவக்காரி, யாகப்பர் விலாசம் தெரியாமல் அலையப்போறார்" எண்டாள். சிரிக்கத் தையல் நொந்துது.

பேந்து இஞ்சை தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக் கிளினிக்குக்கு வாற ஒவ்வொரு முறையும் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போறன் எண்டு பொய். பொய்க்குச் சாட்சி வேணுமெண்டு வழியிலை இறங்கி ஒரு பிடி வாங்கிக்கொண்டுதான் வருவன். தனி மனுசிக்கு எவ்வளவு வெங்காயம் வேணும்? உங்கடை குசினியிலை தொங்கிறதெல்லாம் நான் சொன்ன பொய்தான், அத்தான்.

ஏன் மறைச்சனீர் எண்டால், வெக்கம். வேறை பெரிய காரணம் ஒண்டுமில்லை. தாய்க்குக் கான்சராம், மகளுக்கும் வருமாம் எண்டு சனம் கதைக்கும். கலியாணம் முடியட்டும் எண்டிருந்தன். றொசாந்திக்கே சொல்லேல்லை. இப்ப அவள் ஒவ்வொரு நாளும் ஞானாம்பிகையின்ரை போனுக்கு எடுத்து அழுறாள். பெத்த பிள்ளைக்குப் பொய் சொன்ன தாய் நான், என்னத்தைச் சொல்லி ஆத்த?

காயம் சிவந்து நீர் வடிஞ்சுது. படம் எடுத்து வையுங்கோ அன்ரி, டொக்ரருக்குக் காட்டலாம் எண்டு நேர்ஸ் பிள்ளை சொன்னாள். கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு எடுத்தன். அந்த நேரம் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நிண்டனான். நானே வடிவாப் பாக்காத உடம்பு அது. அதை நாப்பது பேர் பார்த்தவை. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. எல்லாரும் கையிலை இருந்த கட்லெட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவை. ஆராவது "ஐயோ பெர்னடெட், உனக்கென்னடி" எண்டு ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் அங்கையே நிண்டிருப்பன். என்ரை சொந்த அக்காவும் கட்லெட்டைத்தான் பார்த்தவ.

பங்குக் கிணறு எண்டியள். பங்குக் கிணத்தடியிலை ஓலை மறைப்பு இருக்கும். பொம்பிளையள் குளிக்கேக்கை ஆம்பிளையள் செருமிக்கொண்டு அங்காலை போவினம். நீங்கள் மறைப்பில்லாமல் கிணறு வெட்டிப்போட்டு விலை மலிவு எண்டு பெருமை பேசிறியள்.

றொசாந்தியோடை ஆர் நடக்கிறது எண்டு இப்ப என்னட்டைக் கேக்காதேங்கோ. கலியாணத்துக்கு நானே வருவனோ தெரியாது. எந்த முகத்தோடை சம்பந்தியம்மாவுக்கு முன்னாலை போய் நிக்கிறது?

பெர்னடெட்


குருநகர்
24.06.2025

அன்புள்ள பெர்னடெட்டுக்கு,

உம்மடை கடிதத்தை அக்கா வாசிச்சா. வாசிச்சுப்போட்டுக் குசினிக்கை போய் வெங்காயப் பிடியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அழுதா. நான் வாசலிலை நிண்டன். கிட்டப் போகப் பயமாக் கிடந்தது.

முதலாவது, செய்யவேண்டியதைச் செய்திட்டன். மூண்டு வீட்டின்ரை கணக்கையும் பிரிச்சாச்சு. ரீவிக்கும் படங்களுக்கும் இருந்த தொடுப்பை வெட்டிப்போட்டன். உம்மடை படங்களெல்லாத்தையும் ஒரு பென்டிறைவிலை இறக்கி, உறைக்கை போட்டு ஒட்டி, இந்தக் கடிதத்தோடை அனுப்பிறன். இறக்கேக்கை நான் பாக்கேல்லை. றொசாந்தி கொழும்பிலை இருந்துகொண்டே இஞ்சத்தைக் கொம்பியூட்டரை இன்ரநெற்றாலை பிடிச்சுச் செய்தவள், நான் கரண்ட் மட்டும் போட்டன். அது உமக்குச் சரியா வந்து சேர்ந்துது எண்டு எழுதினாப் பிறகுதான் இஞ்சை இருக்கிறது அழியும்.

இனி நீர் செய்யவேண்டியது. உம்மடை பேரிலை தனிக் கணக்கு ஒண்டு திறவும். பாஸ்வேட்டை ஒருத்தருக்கும் சொல்லாதையும், எனக்கும்தான். அந்தோனியார் பேரும் பிறந்த வருசமும் போடவேண்டாம், அது ஊருக்கே தெரியும். ஆரும் புதுசா உள்ளை வந்தால் உம்மடை போனுக்கு ஒரு நம்பர் வாற மாதிரிச் செய்து வையும். ரீவி, ரப்லெற் எண்டு வேறை ஒண்டிலும் அந்தக் கணக்கைத் திறக்காதையும். பென்டிறைவை அலுமாரிக்கை வையும். இன்ரநெற்றை மட்டும் நம்பவும் கூடாது.

காசு? ஒரு சதமும் வேண்டாம். றொசாந்தி பார்த்துச் சொன்னாள், உம்மட்டை இருக்கிறது மொத்தம் ஒன்பது ஜிபி. அதிலை ஆறு ஜிபி, காலை வணக்கம் சொல்லுற ரோசாப்பூப் படமாம். ஆளுக்குப் பதினைஞ்சு ஜிபி சும்மா தாறாங்கள். உமக்கு அது காணும். எங்களுக்குக் காணாதெண்டால் குடும்பத் திட்டம் எண்டு ஒண்டு இருக்கு. ஒராள் காசு கட்ட, மற்றவை தங்கடை தங்கடை கணக்கிலை தனித்தனியா வைச்சிருக்கலாம், ஒருத்தர் மற்றவரின்ரையைப் பாக்கேலாது. அதுக்கும் இதே விலைதான். மறைப்போடை கட்டின கிணறு. ரெண்டு கிழமை மலிவு மலிவு எண்டு தேடின எனக்கு இது கண்ணிலை படேல்லை. எல்லாரின்ரையும் சாவி என்ரை கையிலை இருக்கவேணும் எண்டொரு பெரிசு குணம் எனக்கு. அதுதான் விசயம்.

இன்னொண்டு. ஜெரோசன்ரை தாய் நேற்று வந்தவ. நான் பயந்து பின்பக்கத்தாலை போகப் பார்த்தன், கூப்பிட்டு இருத்திப்போட்டா. கலியாணச் சாப்பாட்டுக்கு நண்டு போடுறதெண்டு யோசிக்கினமாம். "பெர்னடெட்டுக்கு டொக்ரர்மார் நண்டு சாப்பிடலாம் எண்டு சொன்னவையோ, கேட்டுச் சொல்லுங்கோ" எண்டா. அவ்வளவுதான் கேட்டவ. அதுக்கு என்ன மறுமொழி சொல்ல?

இன்னொரு விசயமும் எழுதவேணும். இப்ப கை வரேல்லை. பிறகு எழுதிறன்.

அத்தான்


தெல்லிப்பழை
01.07.2025

அத்தான்,

பென்டிறைவ் வந்து சேர்ந்துது. அழிக்கிறதை அழியுங்கோ. கணக்குத் திறந்திட்டன். ஞானாம்பிகை கிட்ட வந்து எட்டிப் பார்த்தாள், அங்காலை போடி எண்டு கலைச்சுப்போட்டுத்தான் பாஸ்வேட் அடிச்சன்.

கதிர்ச் சிகிச்சை துவங்கியாச்சு. கிழமையிலை அஞ்சு நாள். நெஞ்சிலை பேனையாலை கோடு கீறி விட்டிருக்கினம், அழியக்கூடாதாம். வாங்கிலை வரிசையிலை இருக்கிற எல்லாருக்கும் கோடு. ஒரு மனுசி தன்ரை மருமகளிட்டை இண்டைக்கும் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவவாம். என்ரை வெங்காயக் கதையைச் சொல்லிப்போட்டு, "ஒவ்வொரு நாளுமோ?" எண்டு கேட்டன். "நீ ஒவ்வொரு நாளும் வெங்காயம் வாங்கேல்லையோ" எண்டா. ஊர் முழுக்கப் பொய்தான் போலை.

நண்டு சாப்பிடலாம் எண்டு சம்பந்தியம்மாவுக்குச் சொல்லுங்கோ. அந்த வரியை வாசிச்சுப்போட்டு நான் ஒருபாடு அழுதன். அதுக்கும் எனக்கு வெக்கமா இருக்கு. கலியாணத்தை நிப்பாட்டிப்போடுவா எண்டு அந்த மனுசியைப் பற்றி எவ்வளவு கேவலமா நினைச்சிட்டன்.

இப்ப கேக்கவேண்டியதைக் கேக்கிறன். ஜெயனி ஞானாம்பிகையின்ரை போனுக்கு எடுத்து மன்னிப்புக் கேட்டவள். ரீவியிலை தான் போட்டது "புனிதர் படங்கள்" எண்ட அல்பம் மட்டும்தானாம். வேறை ஒண்டும் வராதாம். அதுக்கை என்ரை படம் எப்பிடி வந்தது எண்டு தனக்கு இன்னும் விளங்கேல்லையாம்.

எனக்கும் விளங்கேல்லை. படம் தன்ரைபாட்டிலை கணக்குக்குப் போகும், அது சரி. ஆனால் அல்பத்துக்கை தன்ரைபாட்டிலை போகாது. ஆராவது கையாலை வைச்சால்தான் போகும். நான் வைக்கேல்லை. ஜெயனியும் இல்லை. அக்காவுக்குப் போனிலை கதைக்க மட்டும்தான் தெரியும்.

பிறகு எழுதிறன் எண்டியளே, அது இதுவோ? இதுதான் எண்டால் எழுதுங்கோ. கொம்பனி, விலை, ஜிபி ஒண்டும் வேண்டாம். நடந்ததை எழுதுங்கோ.

பெர்னடெட்


குருநகர்
06.07.2025

பெர்னடெட்டுக்கு,

ஓம். நான்தான் வைச்சனான்.

மே மாதம் ரெண்டாம் கிழமை. எஞ்சின் ஒண்டைக் கழட்டி வைச்சிட்டு, பார்ட்ஸின்ரை படம் எடுத்தனான், அதைப் பாக்கப் போனைத் திறந்தன். மேலை உம்மடை படம் கிடந்தது. முதலிலை என்னெண்டு விளங்கேல்லை. பேந்து விளங்கிச்சு. கை எல்லாம் கிறீஸ். போனைக் கீழை போட்டிட்டன்.

அழிக்கலாம் எண்டு நினைச்சன். அழிச்சால் உம்மடை போனிலையும் அழியும், டொக்ரருக்குக் காட்டத்தான் எடுத்தனீராக்கும் எண்டு யோசிச்சன். ஜெயனி தன்ரை போனைத் தூக்க முதல் முன் பக்கத்திலை தெரியாமல் மறைச்சன். மறைச்சாப் பிறகு, ஒரேயடியாத் துலைஞ்சு போடுமோ எண்டு பயம். எங்கையாவது ஒரு அல்பத்துக்கை வைச்சால் கிடக்கும். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் திறவாத அல்பம் எது எண்டு பார்த்தன். புனிதர் படங்கள். அதை உண்டாக்கின நாள் தொட்டு ஒருத்தரும் திறக்கேல்லை.

அதோடை இன்னொண்டும் நினைச்சனான். எழுத வெக்கமாக் கிடக்கு. அந்தோனியாருக்குப் பக்கத்திலை கிடக்கட்டும், அவர் பார்த்துக்கொள்ளுவார் எண்டு நினைச்சன். எனக்குச் செபம் பண்ணத் தெரியாது. உம்மடை அக்கா பண்ணுவா, நான் பின்வாங்கிலை இருந்து கொட்டாவி விடுவன். எனக்குத் தெரிஞ்ச செபம் அதுதான்.

முதல் நன்மைக்கு ஜெயனி அந்த அல்பத்தைத்தான் திறப்பாள் எண்டு என்ரை மண்டைக்கு எட்டேல்லை.

ஆனால் இதைவிடக் கேவலம் ஒண்டு இருக்கு. அண்டைக்கு ரீவியிலை பார்த்துத்தான் எனக்குத் தெரியும் எண்டு எல்லாரும் நினைக்கினம். முதல் கடிதத்திலை ஒரு சொல் சொல்லியிருக்கலாமே எண்டு உம்மையே குற்றம் சொன்னன். எனக்கு நாலு கிழமைக்கு முதலே தெரியும். கேக்கேல்லை. கேட்டால் பார்த்தது தெரிஞ்சுபோகும். மச்சாளின்ரை உடம்பைப் பார்த்தவன் எண்டு ஆகிப்போகும். என்ரை மானத்தைக் காப்பாத்திறதுக்கு உம்மைத் தனிய ஆசுப்பத்திரிக்கு பஸ்ஸிலை போகவிட்டன். சுன்னாகத்துக்குப் போறன் எண்டு நீர் பையைத் தூக்கேக்கை நான் எஞ்சினுக்குக் குனிஞ்சுகொண்டு ஓம் ஓம் எண்டு சொன்னன். ஒரு ஓட்டோ பிடிச்சுத் தரக்கூட வாய் வரேல்லை. கிழமைக்குக் கிழமை மீனை வாங்கி உம்மடை கேற்றிலை கொழுவிப்போட்டு ஓடி வந்தன்.

அக்காவுக்கு நேற்றுச் சொன்னன். அடிச்சிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

றொசாந்தியோடை பீடத்தடிக்கு நடக்க எனக்கு இனி முகமில்லை. ஜெரோசன்ரை மாமன் ஒருத்தர் இருக்கிறார், கோட் சூட்டும் இருக்குதாம். அவரைக் கேளுங்கோ. நான் பின்வாங்கிலை இருக்கிறன், அதுதான் எனக்குப் பழக்கமான இடம்.

லெனாட்


தெல்லிப்பழை
30.07.2025

அத்தான்,

மூண்டு கிழமைக்கு மேலை எழுதேல்லை. கோவம்தான். பொய் சொல்லமாட்டன், இனிப் பொய் சொல்லுறதில்லை எண்டு ஞானாம்பிகையிட்டைச் சத்தியம் பண்ணியிருக்கிறன். யாகப்பர் திருவிழாவுக்கும் வரேல்லை. அக்கா மட்டும் வந்து ரெண்டு நாள் நிண்டு, எனக்குத் தலையிழுத்துப் பின்னி விட்டிட்டுப் போனா. கட்லெட்டைப் பார்த்ததுக்கு மன்னிப்புக் கேட்டா. கேட்டுக்கொண்டே கட்லெட் பெட்டியைத் திறந்தா, ரெண்டு பேரும் சிரிச்சுச் செத்தம்.

உங்கடை கடிதத்தை முதல் வாசிக்கேக்கை கிழிக்கத்தான் நினைச்சன். நாலு கிழமை தெரிஞ்சுகொண்டு கேக்காமல் இருந்தவன் எண்டு. அந்த நாலு கிழமையும் எனக்கு எவ்வளவு பாரம் தெரியுமோ? ஒருக்கா பஸ்ஸிலை தலை சுத்தி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை மடியிலை விழுந்தனான். அண்டைக்கு நீங்கள் பக்கத்திலை இருந்திருக்கலாம். அதை நான் சொல்லத்தான் வேணும், நீங்கள் கேக்கத்தான் வேணும்.

பேந்து மீனை யோசிச்சன். மே மாதம் தொட்டு ஒவ்வொரு வெள்ளியும் கேற்றிலை விளைமீன், பாரைக்குட்டி எண்டு கொழுவிக் கிடக்கும். அக்காதான் குடுத்துவிடுறா எண்டு நினைச்சன். அக்காவுக்கு இது தெரியவே தெரியாதாம். நான் உங்கடை வீட்டுக்கு வெங்காயம் கொண்டுவந்து தந்தன், நீங்கள் என்ரை வீட்டுக்கு மீன் கொண்டுவந்து கொழுவினியள். ரெண்டு பேரும் வாயைத் திறக்கேல்லை. நல்ல குடும்பம்!

அந்தோனியாருக்குப் பக்கத்திலை வைச்சனான் எண்டு எழுதினியளே, அதை ஞானாம்பிகைக்கு வாசிச்சுக் காட்டினன். "உன்ரை அத்தான் விசரன்தான், ஆனால் கெட்ட விசரன் இல்லை" எண்டாள். அந்தப் படத்தைப் போன கிழமை பென்டிறைவிலை எடுத்துக் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தன். நீங்களும் பார்த்து நாப்பது பேரும் பார்த்த உடம்பு, நான் பாக்காட்டி எப்பிடி? காயம் இப்ப ஆறியிட்டுது. டொக்ரரும் அந்தப் படத்தையும் இப்பத்தைக் காயத்தையும் வைச்சுப் பார்த்து நல்லம் எண்டார். அழிக்காமல் விட்டது அதுக்கு உதவினது, அதையும் சொல்லவேணும்.

நாளைக்குக் கடைசி நாள். வாற செவ்வாய்க்கிழமை குருநகருக்கு வாறன். பஸ்ஸிலை இல்லை. ஓட்டோவோடை நீங்கள் வரவேணும், காலமை ஒன்பது மணிக்கு. வழியிலை சுன்னாகத்திலை நிப்பாட்டவேணும், கலியாணத்துக்கு உண்மையாவே வெங்காயம் வேணும்.

மாமன்ரை கோட் சூட் எங்களுக்குத் தேவையில்லை. றொசாந்தியைக் கேட்டன். "பெரியப்பா நடக்காட்டி நான் தனிய நடக்கிறன்" எண்டாள். அவள் செய்வாள், உங்களுக்குத் தெரியும். அதாலை நீங்கள்தான் நடக்கிறியள். வெக்கப்படுறதெண்டால் வீட்டிலை இருந்து வெக்கப்படுங்கோ, நானும் கூட இருந்து வெக்கப்படுறன். கோயிலுக்கை வேண்டாம். குனிஞ்சுகொண்டு நடந்தால் படத்திலை உங்கடை மொட்டந்தலை மட்டும்தான் விழும். கலியாணப் படமெல்லாம் நான் என்ரை கணக்கிலைதான் வைக்கப்போறன். சும்மா தந்த பதினைஞ்சு ஜிபியிலை மொட்டந்தலைக்கு இடமில்லை. நிமிந்து நடவுங்கோ.

பெர்னடெட்